எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மனிதர்களைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் உளவியல் படிப்பில் சேர்ந்தேன். முதல் பருவம் முழுக்க ஒப்பிடுவதற்கு வைக்கும் கட்டுப்பாட்டுக் குழு, அளந்து பார்க்கும் மாறிகள், நியூரான் என்னும் நரம்புச் செல் என்றே போகிறது. மனசைப் பற்றி எப்போதுதான் சொல்லித்தருவார்கள்? – முதலாண்டு மாணவி

பதில்: இப்போது சொல்லித்தருவதும் மனசைப் பற்றித்தான். மனிதர்களைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கிறது, அதையும் எல்லாரும் அடித்துச் சொல்கிறோம். அதில் எது நிற்கும், எது நிற்காது என்று பார்க்கும் வழியைக் கற்றுக்கொள்ளாமல் மேலே போனால் அந்தக் கருத்துகளுக்குப் பெரிய பெரிய பெயர் வைக்கத்தான் தெரிந்திருக்கும்.

1900களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை பேர்போனது. கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும். உரிமையாளர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் ஏமாற்றுக்காரர் இல்லை, வேறு ஆட்கள் கேட்டாலும் குதிரை சரியாகத்தான் சொன்னது. 1904இல் ஒரு குழு வந்து பார்த்துவிட்டு, இதில் தந்திரம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனது. அதன் பிறகு ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற ஆய்வாளர் ஒரு எளிய காரியம் செய்தார்: விடை தெரிந்தவரைச் சில முறையும் விடை தெரியாதவரைச் சில முறையும் கேட்கவைத்து, இரண்டையும் ஒப்பிட்டார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரை தடுமாறியது. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி மறைத்தபோதும் அப்படியே. தட்டும் எண்ணிக்கை சரியான விடையைத் தொட்டதும் கேட்பவரின் தலை அவரையறியாமல் இம்மியளவு அசைகிறது, குதிரை அதைப் பார்த்து நிறுத்துகிறது! ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை, ஆனாலும் எல்லாரும் நம்பியது தவறு.

விலங்கு மனிதரைப் படிப்பது இருக்கட்டும், ஆய்வு செய்பவரின் எதிர்பார்ப்பே முடிவை மாற்றும் என்று ராபர்ட் ரோசந்தால் என்ற உளவியலாளர் 1960களில் காட்டினார். சாதாரண எலிகளையே மாணவர்களிடம் கொடுத்து, சிலரிடம் இவை புத்திசாலி எலிகள் என்றும் மற்றவர்களிடம் இவை மந்தமானவை என்றும் சொன்னார். புத்திசாலி என்று பெயர் வாங்கிய எலிகள்தான் புதிர்ப்பாதையை நன்றாகக் கற்றதாகப் பதிவாகியது. மருந்துச் சோதனைகளில் யாருக்கு உண்மை மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதை வாங்குபவருக்கும் கொடுப்பவருக்கும் தெரியாமல் சோதனை நடத்துவது இதனால்தான். சரி, இதற்கு மேல் மனசைப் பற்றி என்ன வேண்டும் உங்களுக்கு?

கேள்வி: கைபேசியை அதிகம் பார்க்கும் பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைகிறது என்று ஓர் ஆய்வுச் செய்தி படித்தேன். என் மகனிடமிருந்து பிடுங்கிவிடலாமா? – ஒரு தந்தை

பதில்: அவசரப்படாதீர்கள். இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதைத்தான் அப்படிப்பட்ட ஆய்வு சொல்கிறது. அதை ஒட்டுறவு என்பார்கள், -1 முதல் +1 வரை ஓர் எண்ணாகத் தருவார்கள். கைபேசியால் மதிப்பெண் குறைந்திருக்கலாம், பாடம் புரியாமல் மனம் வெறுத்த பிள்ளை கைபேசிக்குள் ஒதுங்கியிருக்கலாம், தூக்கமின்மையோ வீட்டுச் சண்டையோ இரண்டுக்கும் பின்னால் இருக்கலாம். அந்த ஒரே எண் இந்த மூன்று கதைக்கும் பொருந்தும்.

எது காரணம் என்று தெரிய, பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் கைபேசி நேரத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். சீட்டுக் குலுக்குவதுதான் இதில் முக்கியமான வேலை, ஏனென்றால் தூக்கம், வீட்டுச் சூழல், படிப்பார்வம் என்று நாம் அளந்தவை அளக்காதவை எல்லாமே இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடும், குழுக்கள் பெரிதாக இருந்தால் இன்னும் நன்றாகப் பிரியும். வீட்டில் அது முடியாது, ஆனால் மகனோடு பேசி ஒப்புக்கொண்டு இரண்டு வாரம் இரவில் கைபேசியை வெளி அறையில் வைத்துவிட்டு, அடுத்த இரண்டு வாரம் பழையபடி விட்டு, மறுபடி வெளியே வைத்துப் பாருங்கள். தூக்கமும் காலை எரிச்சலும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கினால் உங்கள் பிள்ளையைப் பொறுத்தவரை அது செய்தித்தாள் தலைப்பைவிட நல்ல ஆதாரம். மதிப்பெண் இவ்வளவு சீக்கிரம் அசையாது, அதை இதில் அளக்காதீர்கள்.

கேள்வி: ஒப்பிடாமல் எதையும் ஏற்காதே என்கிறீர்கள். பாடப்புத்தகத்திலோ ஒரே ஒரு நோயாளியை வைத்து மூளையைப் பற்றிப் பெரிய முடிவுகள் சொல்கிறார்களே? – பள்ளி ஆசிரியர்

பதில்: நல்ல பிடி. ஒரே ஆளிடமும் ஒப்பிட முடியும், அதைச் செய்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

ஹென்றி மொலேசன் என்பவருக்குக் கடும் வலிப்பு நோய். 1953இல், அவருடைய 27ஆவது வயதில், மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற உள்பகுதியில் பெரும்பங்கையும் அதைச் சுற்றியிருந்த திசுவையும் அறுவை சிகிச்சையில் அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் அதற்குப் பிறகு நடந்த ஏறக்குறைய எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. சற்று முன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் புது ஆள். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் அவரைப் பொறுமையாகச் சோதித்தார். என்ன போனது என்று மட்டும் பார்க்காமல் என்ன மிச்சமிருக்கிறது என்றும் பார்த்தார், அங்கேதான் விஷயம் இருந்தது. மொலேசனின் அறிவுத்திறன் குறையவில்லை, சில எண்களைச் சொன்னால் உடனே திருப்பிச் சொல்ல முடிந்தது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் கோடுகளுக்குள் வரையச் சொன்னார். மூன்று நாளில் அவர் கை நன்றாகப் பழகிவிட்டது. ஒவ்வொரு நாளும் இதற்கு முன் அப்படி வரைந்த நினைவே அவருக்கு இல்லை. கை கற்றுக்கொள்வதும் நிகழ்வை நினைவில் வைப்பதும் மூளையில் வெவ்வேறு வேலைகள் என்று அந்த ஓர் ஆளுக்குள்ளேயே பிரித்துக் காட்ட முடிந்தது. பிறகு மற்ற நோயாளிகளிடமும் விலங்குகளிடமும் சோதித்தார்கள், முடிவு நின்றது. 2008இல் இறக்கும்வரை மொலேசன் ஆய்வுகளுக்கு ஒத்துழைத்தார். நினைவைப் பற்றி நாம் அறிந்ததில் அந்த மனிதருக்கு நாம் பட்ட கடன் பெரிது.

1848இல் இரும்புக் கம்பி தலையைத் துளைத்தும் பிழைத்த ஃபினியாஸ் கேஜ் கதை அப்படி இல்லை. ஆளே குணம் மாறிப்போனார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். விபத்துக்கு முன் அவரை யாரும் சோதித்ததில்லை, பின்னால் உள்ள குறிப்புகளும் கொஞ்சம்தான். அவரோ பிறகு சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டியிருக்கிறார், பொறுப்பில்லாத ஆளால் நடக்கிற வேலை இல்லை அது. வகுப்பில் கேஜ் கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோமா? – ஒரு வாசகர்

பதில்: இல்லை. உடல் எடையில் 2 சதவீதம் அளவே இருக்கும் மூளை, உடல் ஓய்வில் செலவழிக்கும் ஆற்றலில் 20 சதவீதம் அளவை எடுத்துக்கொள்கிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு உடல் இவ்வளவு செலவு செய்யாது.

கேள்வி: டோபமைன்தான் மூளையில் மகிழ்ச்சி தரும் ரசாயனம், கைபேசி மாதிரியானவற்றை விட்டு விரதம் இருந்து அதைச் சரிசெய்யலாம் என்கிறார்களே? – ஒரு கல்லூரி மாணவர்

பதில்: 1954இல் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலியின் மூளைக்குள் மின்முனை வைத்து, விசையை அழுத்தினால் சின்ன மின்தூண்டல் கிடைக்கும்படி செய்தார்கள். எலிகள் விடாமல் அழுத்தின. இன்ப மையத்தைக் கண்டுபிடித்தாயிற்று என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது. ஆனால் அழுத்துகிற எலிக்கு அது இன்பமாக இருக்கிறதா, இன்னும் வேண்டும் என்ற உந்துதல் மட்டும் இருக்கிறதா? அழுத்திய எண்ணிக்கையை வைத்து இதைச் சொல்ல முடியாது.

கென்ட் பெரிட்ஜ் என்ற ஆய்வாளர் இரண்டையும் பிரித்துப் பார்த்தார். டோபமைனை ஏறக்குறைய முழுக்க இழந்த எலிகள் உணவைத் தேடிப் போவதில்லை, விட்டால் பட்டினி கிடந்தே செத்துவிடும். அதே எலியின் வாயில் இனிப்பை வைத்தால் ருசித்து நக்கும் முகபாவம் அப்படியே வருகிறது. ஆக, விரும்பி நாடுவது வேறு, அனுபவித்துச் சுவைப்பது வேறு. டோபமைனுக்கு முதலாவதில்தான் பெரிய பங்கு. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளிடம் பார்த்தது இன்னும் நுட்பமானது: எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமைன் நியூரான்கள் துடிக்கின்றன, ஒரு விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகியபின் விளக்குக்கே துடிக்கின்றன, விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் வழக்கத்தைவிட அடங்கிவிடுகின்றன. எதிர்பார்த்ததோடு கிடைத்ததை மூளையே ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. உடலை அசைக்கவும் டோபமைன் வேண்டும், பார்க்கின்சன் நோயில் கை நடுங்குவதும் நடை இறுகுவதும் அதைத் தயாரிக்கும் நியூரான்கள் அழிவதால்தான். இத்தனை வேலை செய்யும் ஒன்றை ஒருநாள் விரதத்தில் சரிசெய்வது என்பதற்குப் பொருளே இல்லை. கைபேசி மணியை அணைத்து வையுங்கள், நல்லதுதான். டோபமைன் பெயரைச் சொல்லாமலும் அதைச் செய்யலாம்.

கேள்வி: ஒரு குணத்தில் மரபின் பங்கு 50 சதவீதம் என்றால், என் கோபத்தில் பாதி அப்பாவிடமிருந்து வந்ததா? – ஒரு வாசகி

பதில்: அப்படி அர்த்தமில்லை. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் எவ்வளவு, அவர்களுடைய மரபணு வேறுபாட்டோடு தொடர்புடையது என்பதே அந்த எண். ஒரு தனி ஆளின் கோபத்தைக் கூறுபோட அது உதவாது. மரபணு ஏறக்குறைய ஒன்றேயான ஒரே கரு இரட்டையரையும், சாதாரண உடன்பிறப்புகள் போன்ற இரு கரு இரட்டையரையும் ஒப்பிட்டு அதைக் கணக்கிடுகிறார்கள். எல்லாருக்கும் வளரும் சூழல் ஒரேமாதிரி ஆகிவிட்டால், மரபணு எதுவும் மாறாமலே அந்த எண் ஏறிவிடும்! மரபில் வந்தால் மாற்றவே முடியாது என்பதும் தவறு. உணவுப் புரதத்தில் உள்ள ஃபீனைல்அலனின் என்ற பொருளை உடலால் சரியாகச் சிதைக்க முடியாத ஃபீனைல்கீட்டோனூரியா நோய் முழுக்க மரபணுக் கோளாறு, கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி பாதிக்கும். பிறந்த உடனே இரத்தத்தைச் சோதித்துக் கண்டுபிடித்து, ஃபீனைல்அலனின் குறைந்த உணவு கொடுத்தால் பிள்ளை நன்றாக வளர்கிறது.

கேள்வி: இசை கேட்டுக்கொண்டே படித்தால் சொற்கள் நினைவில் நிற்கிறதா என்று வகுப்புத் தோழர்களிடம் சோதித்தோம். வித்தியாசம் இல்லை. சரியாகக் கவனிக்காத நாலைந்து பேரை நீக்கினால் முடிவு நன்றாக வரும் என்கிறான் நண்பன். – செயல்திட்டக் குழு

பதில்: நீக்காதீர்கள். யாரை நீக்குவது என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிவைத்திருந்தால் நீக்கலாம், முடிவைப் பார்த்துவிட்டு நீக்கக் கூடாது. பார்த்தபிறகு நமக்கு வேண்டாதவர்கள் எல்லாருமே கவனிக்காதவர்களாகத்தான் தெரிவார்கள். இந்தச் சலுகைகள் எங்கே கொண்டுபோய் விடும் என்று 2015இல் பார்த்தோம்: வெளியான 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது, முதலில் 97 சதவீதத்தில் கிடைத்த தெளிவான முடிவு மறுமுறை 36 சதவீதத்தில்தான் கிடைத்தது. காரணம் இது ஒன்றே இல்லை, சிறிய குழுக்களும், வித்தியாசம் வந்தால்தான் அச்சிடுவோம் என்ற பத்திரிகைகளின் பழக்கமும் உண்டு. ஆனால் உங்கள் கையில் இருப்பது இது ஒன்றுதான். எத்தனை பேர், எப்படிப் பிரித்தீர்கள், என்ன இசை, வித்தியாசம் தெரியவில்லை என்று உள்ளபடி எழுதிக் கொடுங்கள். அந்த நாலைந்து பேர் மீது சந்தேகம் இருந்தால், அவர்களை விட்டுக் கணக்கிட்டால் என்ன வருகிறது என்பதையும் பக்கத்திலேயே தனியாகக் குறிப்பிடுங்கள், படிப்பவரே பார்த்துக்கொள்ளட்டும்.