கலை சொல்லித் தரும் அறக்கட்டளைகளால் ஊர் மக்களுக்கு உண்மையில் ஏதாவது பயன் உண்டா?

கேள்வி கேட்டவர் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "சோத்துக்கே வழியில்லாத இடத்தில் பாட்டும் நாடகமும் சொல்லிக் கொடுத்து என்ன ஆகப் போகிறது?" அந்த வரி இல்லாவிட்டால் நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்.

எனக்குச் செய்யாறு பக்கம். என் சித்தப்பா கூத்தாடி. பாதி ஊருக்கு அது வசவு, அவருக்கு அது தொழிலின் பெயர். முப்பது வருஷத்துக்கு மேல் பெண் வேஷம் கட்டினார். திரௌபதி, சுபத்திரை, பொன்னுருவி எல்லாம் அவர்தான். பொன்னுருவி யாரென்று கேட்பவர்களுக்கு: கர்ணனின் மனைவி. எங்கள் பக்கம் கருமாதி வீட்டில் கர்ண மோட்சக் கூத்து வைத்தால், புருஷனைப் போருக்கு அனுப்பமாட்டேன் என்று அவள் மல்லுக்கு நிற்கும் இடத்தில்தான் செத்தவர் வீட்டுப் பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். நாள் கணக்காக அடக்கி வைத்திருந்த அழுகை அது. "நான் அழுவ வைக்கலன்னா அந்தக் கருமாதி நடந்த கணக்கே இல்ல" என்பார் சித்தப்பா. பெருமைக்காகச் சொல்வதில்லை, கொத்தனார் சுவரைப் பற்றிச் சொல்வது மாதிரிதான் சொல்வார்.

வேலை தை பிறந்தால் சூடு பிடிக்கும். மாசி, பங்குனி, சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் துரியோதனன் சாகும் படுகளம், தீமிதி. ராத்திரி பத்து மணிக்குக் களரி, அதாவது ஆடுகளம், கட்டினால் விடிந்த பிறகுதான் அரிதாரத்தைத் துடைக்க முடியும். ஆடி தாண்டினால் ஆட்டம் குறையும், ஐப்பசி மழையில் சுத்தமாக நின்றுவிடும். அப்போது வீட்டுச் செலவுக்கு ஜமா, அதாவது கூத்துக் குழு, வைத்திருப்பவரிடம் முன்பணம் வாங்குவார். அந்தப் பணம் அடுத்த வருஷம் முழுக்க அவரை அதே ஜமாவில் கட்டிப்போடும். வேறு ஜமாவில் கூலி கூடக் கிடைத்தாலும் நகர முடியாது.

ஆக எங்கள் பக்கம் கலைதான் சோறு. யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஊட்ட வேண்டியிருக்கவில்லை. கலையைச் சுற்றி இருக்க வேண்டியவைதான் இல்லை: படிப்பு, மரியாதை, கூலி பேசும் தைரியம். என் பதில் முழுக்க இந்தக் கோணத்திலிருந்துதான், இதைப் பொதுவிதி ஆக்கிவிடாதீர்கள்.

எனக்குத் தெரிந்த வரை இதைச் சரியாகப் புரிந்துகொண்டு வேலை செய்தது கட்டைக்கூத்துச் சங்கம். பெருங்கட்டூர் பொ. ராஜகோபாலும் அவரோடு சேர்ந்த கலைஞர்களும் 1990-இல் தொடங்கியது. ராஜகோபால் அப்பாவிடம் கூத்துக் கற்றவர், பெருங்கட்டூர் பொன்னுசாமி நாடக மன்றத்துக்காரர். கூடவே நின்றவர் நெதர்லாந்திலிருந்து கூத்தை ஆராய வந்து, ராஜகோபாலையே மணந்து இங்கேயே தங்கிவிட்ட ஹன்னே டி ப்ரூயின். தொடங்கியவர்கள் கூத்தாடிகள் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். பட்டணத்தில் கூடி, "அழியும் கலையைக் காப்போம்" என்று தீர்மானம் போட்டுவிட்டு ஊருக்கு வந்தவர்கள் இல்லை.

பெயரைப் பற்றி ஒரு சச்சரவு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஊர் உலகம் தெருக்கூத்து என்பதை இவர்கள் கட்டைக்கூத்து என்கிறார்கள். கட்டை என்பது வேஷக்காரர் அணியும் கிரீடம், புஜக்கட்டை, மார்க்கட்டை. கனமில்லாத கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத் தாளும் ஒட்டியது. தெருவில் நகர்ந்துகொண்டே ஆடுவது வேறு, ஒரே இடத்தில் விடிய விடிய ஆடுவது வேறு என்பது அவர்கள் வாதம். புரிசை என்ற ஊரின் கூத்துப் பரம்பரைக்காரர்கள் தெருக்கூத்து என்றே சொல்கிறார்கள். 2025-இல் பத்மஸ்ரீ வாங்கிய புரிசை கண்ணப்ப சம்பந்தன் அந்தப் பரம்பரைதான். சித்தப்பாவிடம் கேட்டேன். "பேர் எதுவா இருந்தா இன்னா, கூலிய ஒழுங்கா குடுக்கச் சொல்லு" என்றார்.

சங்கம் செய்ததில் பெரியது குருகுலம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கல் என்ற ஊரில் 2002-இல் திறந்து 2020 வரை நடத்தினார்கள். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் பாடமும் படிப்பார்கள், கூத்தும் கற்பார்கள். பாட்டு, அடவு, வேஷம், ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை என்று எல்லாம் உண்டு.

இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். கூத்தாடி வீட்டில் வளர்ந்திருந்தால் தோன்றாது. ராத்திரி முழுக்க ஆடிய பையன் காலையில் பள்ளிக்கூடம் போய் என்ன செய்வான்? தூங்குவான். வாத்தியார் அடிப்பார். நான்கு தடவை அடிவாங்கினால் நின்றுவிடுவான். ராஜகோபால் பத்து வயதில் பள்ளியை விட்டவர். சித்தப்பா ஐந்தாவதோடு நின்றவர். பாரதம் முழுக்க மனப்பாடமாகச் சொல்லும் மனிதர், கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் தாளைப் படிக்கச் சொல்லி என்னிடம் நீட்டுவார். கூத்தா, படிப்பா, இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்பது எங்கள் பக்கம் விதி மாதிரி இருந்தது. அந்தக் குருகுலம் இரண்டையும் ஒரே கூரைக்குள் வைத்தது. பத்தாவது தேறிய ஒரு பிள்ளைக்குக் கூத்து வேண்டுமா, வேறு வேலை வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் இடம் கிடைக்கிறது. சித்தப்பாவுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. நல்ல கலைஞர்தான், ஆனால் வேறு வழி இல்லாமல் கலைஞர் ஆனவர்.

அடுத்தது பெண் பிள்ளைகள். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், எனக்குச் சொந்தக் கணக்கு இருக்கிறது.

சின்ன வயதில் வேஷக் கொட்டகைக்குள் எட்டிப் பார்ப்பேன். சித்தப்பா மீசையை வழித்துவிட்டு, சவுரி வைத்துப் பின்னி, நெற்றிச்சுட்டி கட்டுவதைப் பார்க்க அவ்வளவு ஆசை. ஒரு தடவை பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த துரியோதனன் கிரீடத்தைத் தொட்டேன். "பொட்டப் புள்ள தொடக்கூடாது" என்று ஒரு அதட்டல். யார் அதட்டியது என்று நினைவில்லை. ஆண்கள் பெண்ணாகலாம், பெண் அந்தக் கொட்டகைக்குள்ளேயே போகக் கூடாது. அப்போது அது நியாயமாகத்தான் பட்டது, அழக்கூட இல்லை.

குருகுலத்தில் பெண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். அவர்கள் கிரீடம் வைத்தார்கள், புஜக்கட்டை கட்டினார்கள், ராஜ வேஷமும் ஆடினார்கள். நான் முதன்முதலாக ஒரு பெண் கட்டை வேஷம் கட்டிப் பார்த்தது பல வருஷம் கழித்து, பக்கத்து ஊர்த் திருவிழாவில். திரைக்குப் பின்னால் பாட்டு முடிந்து, திரை விலகி, துச்சாதனன் சுழன்று வந்து நின்றான். கால் சலங்கைச் சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் பாய் போட்டிருந்த பாட்டி ஒருத்தி, "அது பொண்ணாமே, நெசமாவா?" என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப இவளுக்கு ஊட்ல யாரு சோறு ஆக்குவா?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமான கவலை. கல்யாணத்துக்குப் பிறகு ஆடுவது நின்றுபோகிற பெண்கள் இருக்கிறார்கள். ராத்திரி வேலை, வேன் பயணம், ஆண்களோடு ஆட்டம். மாமியார் வீடு ஒத்துக்கொள்ள வேண்டும். இதை எந்த அறக்கட்டளையும் ஒரு தலைமுறையில் தீர்த்துவிட முடியாது. வேஷம் மாற்ற ஒரு மறைவான அறை கேட்டாலே சில ஊர்களில் முகம் சுளிக்கிறார்கள்.

சித்தப்பாவை இன்னொரு ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்குத் திரௌபதியே பெண். அவர் கட்டிய வேஷம். துகில் உரியும் கட்டத்துக்கு முன் கற்பூரம் ஏற்றும்போது எல்லோரும் எழுந்து கும்பிட்டார்கள், இவர் உட்கார்ந்தே இருந்தார். கோபமோ என்று பயந்தேன். திரும்பி வரும்போது பேருந்தில் மெதுவாகச் சொன்னார்: "நாங்க பொம்பளைங்களப் பாத்து பொம்பள வேஷம் கத்துக்கினோம். அந்தப் பொண்ணு எங்களப் பாத்து பொம்பள வேஷம் கத்துக்கினு இருக்குது, பாப்பா. கைய வைக்கிறது, இடுப்ப ஒடிக்கிறது, எல்லாம் ஆம்பளைங்க வைக்கிற மாதிரியே இருக்குது." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா கத்தறா பாரு, அந்தக் கத்தல் எனக்கு வராது" என்றார். நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு கூர்மையான விமர்சனத்தைப் பார்த்ததில்லை.

இப்போது எதிர்ப்பக்கம். கலையை வைத்து மக்களுக்கு உதவுகிறோம் என்று வருகிறவர்கள் எல்லோரும் ஒரே ரகம் கிடையாது. பல வருஷத்துக்கு முன் ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் ஊருக்கு வந்தது, பெயர் வேண்டாம். எய்ட்ஸ் விழிப்புணர்வு நாடகம் போட ஆள் தேடினார்கள். கையில் அச்சடித்த வசனம். இருபது நிமிஷம், ஒரு நாளைக்கு நான்கு ஊர். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்து இரண்டு சிரிப்பு, பிறகு நோட்டீஸை அப்படியே ஒப்பிக்க வேண்டும். சித்தப்பா ஜமாவிலிருந்து நான்கு பேர் போனார்கள். கட்டியக்காரன் வேஷக்காரர், "இதையே எங்க பாஷையில, எங்க ராகத்துல சொன்னா இன்னும் ஏறும்" என்று கேட்டுப் பார்த்தார். கூடாது, அச்சில் இருப்பதுதான் அனுமதி வாங்கியது என்றுவிட்டார்கள். கூலி வர எட்டு மாதம் ஆனது. சொல்லவந்த செய்தி தேவையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே கூத்தாடிகள் ஒலிபெருக்கிக்குப் பதிலாக வாடகைக்கு எடுக்கப்பட்டவர்கள். அவர்களுடைய யோசனைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

இரண்டுக்கும் வித்தியாசத்தை நான் ஒரே கேள்வியில் பார்ப்பேன்: ஆடுகிறவர் "இதை மாற்றலாமா?" என்று கேட்டால் என்ன பதில் வருகிறது? ராஜகோபால் புதிதாக நாடகங்கள் எழுதினார். சங்கம் கர்நாடக சங்கீதக்காரர்களோடு சேர்ந்து மேடையேறியது. சபாக்களில் பாடப்படும் இசையும் களரியில் பாடப்படும் இசையும் ஒரே மேடையில், ஒரே உயரத்தில் உட்கார்ந்தன. எல்லோருக்கும் பிடித்ததா என்று கேட்டால், எங்கள் ஊர்ப் பெருசுகள் "ரெண்டும் கெட்டான்" என்பார்கள். இருக்கட்டும், அதை முடிவு செய்ததில் கூத்தாடிக்கும் பங்கு இருந்தது.

சங்கத்தை ஒரேயடியாகத் தூக்கிவைக்கவும் நான் தயாரில்லை. தங்கிப் படிக்கும் பள்ளி என்றால் தினமும் அரிசி, பருப்பு, ஆசிரியர் சம்பளம், விடுதிக்கு ஆள். ஆட்டக் கூலியில் அது ஓடாது, வெளியார் கொடுக்கும் பணத்தை நம்பித்தான் ஆக வேண்டும். பதினெட்டு வருஷம் நடந்ததே பெரிது, நின்றபிறகு அந்த இடத்தை நிரப்ப எங்கள் பக்கம் வேறொன்று வரவில்லை. அங்கே கற்றவர்களில் சிலர் ஆடுகிறார்கள், சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். மற்றவர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை.

அரசாங்கம் என்ன செய்கிறது என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நலவாரியம் இருக்கிறது, அடையாள அட்டை உண்டு, வயதானவர்களுக்கு மாத உதவித்தொகையும் உண்டு. அந்த உதவிக்குப் பெயர் 'நலிந்த கலைஞர்' உதவி. படிவத்தை நான்தான் நிரப்பினேன். "நலிந்தன்னா இன்னா அர்த்தம்?" என்று கேட்டார் சித்தப்பா. சொன்னேன். "போன வாரம்தான் விடிய விடிய பின்பாட்டு பாடிட்டு வந்தேன்" என்றார். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டார், பணம் வேண்டுமே.

இப்போது அவர் வேஷம் கட்டுவதில்லை, முழங்கால் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுத் திண்ணையில் நான்கைந்து பிள்ளைகள் வருகிறார்கள், அதில் இரண்டு பெண்கள். ஒருத்தி எட்டாவது. துகில் பாட்டு பழகுகிறாள். போன முறை ஊருக்குப் போயிருந்தபோது பார்த்தேன், முந்தானையை எப்படிப் பிடிப்பது என்று இவர் எழுந்து நின்று காட்டினார். அவள் பார்த்துவிட்டு, "தாத்தா, அப்டி யாரும் புடிக்க மாட்டாங்க" என்றாள். சித்தப்பா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு உட்கார்ந்துகொண்டு, "சரி, நீ புடிச்சிக் காட்டு" என்றார்.