நர்சிங் அசிஸ்டென்ட் வேலை எனக்கு ஒத்துவருமா?

கேள்வி: பிளஸ் டூவில் உயிரியல் படித்தேன். அப்பா இல்லை, வீட்டுக்கு வருமானம் தேவை. ஓராண்டு நர்சிங் அசிஸ்டென்ட் படித்தால் உடனே வேலை கிடைக்கும், போகப்போக நர்ஸ் ஆகிவிடலாம் என்கிறார்கள். எனக்கு ரத்தத்தைக் கண்டால் பயமில்லை. சேரலாமா?

பதில்: வேலை கிடைக்கும். மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இதற்கு ஆள் தேவை எப்போதும் இருக்கிறது. ஆனால் போகப்போக நர்ஸ் ஆகலாம் என்பதை நம்பாதீர்கள். நர்ஸாகப் பதிவு பெற ஜி.என்.எம். என்னும் நர்சிங் டிப்ளமோ அல்லது பி.எஸ்சி. நர்சிங் படித்திருக்க வேண்டும். ஓராண்டுச் சான்றிதழோடு எத்தனை வருட அனுபவம் சேர்ந்தாலும் பதிவு கிடைக்காது.

ரத்தம் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இந்த வேலையில் ரத்தத்தைவிட மலமும் சிறுநீரும் வாந்தியும்தான் அதிகம். முன்பின் தெரியாத ஒருவருக்குப் படுக்கையிலேயே மலம் கழிக்கப் பெட்பேன் என்ற தட்டை வைத்து, கழுவித் துடைத்து, அவர் கூசிப்போகாதபடி பேச்சுக்கொடுக்க வேண்டும். உங்கள் முகம் சுளிப்பதை அவர் பார்த்துவிட்டால் அடுத்த முறை கேட்கவே தயங்கி அடக்கிக்கொள்வார்.

இதைக் கீழான வேலை என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஏற்காதீர்கள். பக்கவாதம் வந்து படுத்திருப்பவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுவோம். அப்போது வால் எலும்புப் பக்கமும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுக்கும். வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். நர்ஸ் மருந்து கொடுக்க ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதை முதலில் கவனிக்கக்கூடியவர் நீங்கள்தான். அன்றே சொன்னால் புண் ஆகாமல் தடுக்கலாம். நான்கு நாள் விட்டால் தோல் உரிந்துவிடும்.

உடம்பும் ஒத்துழைக்க வேண்டும். ஆளைத் தூக்கித் தூக்கி இடுப்பு வலி வருவது இந்தத் தொழிலில் சகஜம். பல தனியார் இடங்களில் பன்னிரண்டு மணி நேர டியூட்டி, நைட்டும் உண்டு.

பணம் கட்டுவதற்கு முன், உறவிலோ தெருவிலோ படுக்கையில் இருக்கும் யாருக்காவது சில நாள், ஓர் இரவாவது, கூட இருந்து எல்லா வேலையும் செய்து பாருங்கள். அருவருப்பு பழகிவிடும், பயப்படாதீர்கள். நோயாளி ஒன்றையே பத்து முறை கேட்கும்போது எரிச்சல் வருகிறதா என்பதைத்தான் கவனியுங்கள்.

நர்ஸ் ஆவதுதான் ஆசை என்றால், எப்பாடு பட்டாவது மூன்றாண்டு ஜி.என்.எம்.முக்கே முயலுங்கள் என்பேன். உயிரியல் படித்த உங்களுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் அந்தப் படிப்புக்குக் கிடைக்குமா என்று கல்லூரியில் கேளுங்கள். வருமானத்துக்குக் காத்திருக்கவே முடியாது, மேலே சொன்ன வேலையும் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாகச் சேருங்கள். எந்த மருத்துவமனையில், எத்தனை மாதம் வார்டு பயிற்சி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலைக்குச் சேரும்போது இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். நோயாளியின் ரத்தம் வழியாகத் தொற்றக்கூடிய கல்லீரல் நோயான ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி மூன்று தவணை. முதல் ஊசிக்கும் கடைசி ஊசிக்கும் ஆறு மாத இடைவெளி. அதனால் வார்டுக்குள் போகும் வரை காத்திராமல், சேர்ந்த வாரமே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.