பி.ஏ. தமிழுக்கு வருடம் 28,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து பிளஸ் டூ முடித்திருக்கிறாள். தமிழ் இலக்கியம்தான் படிப்பேன் என்கிறாள். பக்கத்து ஊர் உதவிபெறும் கல்லூரியில் சுயநிதிப் பிரிவில் இடம் தருகிறார்கள். வருடத்துக்கு 28,000 ரூபாய். அரசுக் கல்லூரிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். எதில் சேர்ப்பது?

பதில்: முதலில் அந்தக் கல்லூரியிலேயே உதவிபெறும் பிரிவில் (ஆசிரியர் சம்பளத்தை அரசு தரும் பிரிவு) பி.ஏ. தமிழ் இருக்கிறதா, இடம் காலியா என்று விசாரியுங்கள். வாங்கப்போவது அதே பல்கலைக்கழகத்தின் பட்டம், கட்டணம் மட்டும் பல மடங்கு குறைவு. கேட்காமல் யாரும் சொல்லமாட்டார்கள். அங்கே இல்லையென்றால் அரசுக் கல்லூரிக்கே என் ஓட்டு. வருடத்துக்குச் சில ஆயிரத்தில் முடிந்துவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், எங்கே சேர்த்தாலும் அரசின் புதுமைப் பெண் திட்டத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் மகளின் வங்கிக் கணக்குக்கே வரும்.

ஆனால் கட்டணம் குறைவு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள். இந்தப் படிப்புக்கு லேப் இல்லை, இயந்திரம் இல்லை. ஆசிரியரும் நூலகமும்தான் எல்லாம். நூலகத்துக்குப் போய் குறுந்தொகை உரை ஒன்றை எடுத்து, பின்னட்டையில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். கடைசி முத்திரை பத்து வருடத்துக்கு முந்தையது என்றால் அங்கே நோட்ஸ்தான் ஓடுகிறது. அப்புறம் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரிடம், "குறுந்தொகையில் யாய் என்றால் என் தாய், அப்போ ஞாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "உன் தாய்" என்று சட்டென வந்தால், பாட்டைச் சீர் பிரித்து வரி வரியாக நடத்துகிறார்கள் என்று நம்பலாம். (நான் படித்த காலத்தில் ஒரு வருடம் முழுக்க டிக்டேஷன்தான். இன்றும் கை வலிக்கிறது.)

வேலை விஷயத்தில் ஆசை வார்த்தைகளை நம்பவேண்டாம். "குரூப் 4-க்கு உதவும்" என்பார்கள். அதில் 200 கேள்விகளில் 100 தமிழ் என்பது சரி. ஆனால் அது பத்தாம் வகுப்புத் தரம், அதற்காக மூன்று வருடம் செலவழிக்கத் தேவையில்லை. பள்ளித் தமிழாசிரியராக பி.எட்., கல்லூரிக்கு எம்.ஏ.வும் நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள். யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுத்தால் 500 மதிப்பெண் அதில்தான். பட்டத்தின் பெயரில் "கணினிப் பயன்பாட்டியலுடன்" என்பதுபோல வால் ஏதாவது இருந்தால், ஆசிரியர் பணிக்கு அது பி.ஏ. தமிழுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: மகனுக்கு அவசரத்தில் ஒரு கல்லூரியில் பணம் கட்டிவிட்டோம். இப்போது வேறு இடம் கிடைத்திருக்கிறது. சான்றிதழ்களைத் தர மறுக்கிறார்கள். பணமாவது வருமா?

பதில்: அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை கிடையாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும் என்பது யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. பணத்துக்கும் கணக்கு உண்டு: சேர்க்கைக்குக் கடைசி நாள் என்று அறிவித்த தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் சிறிய பரிசீலனைக் கட்டணம் போக முழுத்தொகை, தள்ளிப்போகப் போகக் குறையும், கடைசி நாள் கடந்து 30 நாள் போய்விட்டால் கட்டணத்தில் ஒன்றும் வராது. அதனால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் நாளைக்கே விலகல் கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால்.