வேட்டைக்காரர் தோளில் ஏறாத துப்பாக்கி

கேள்வி: கனடாவில் துப்பாக்கிச் சட்டம் என்று பேச்செடுத்தாலே "வேட்டைக்காரர் வயிற்றில் அடிக்காதே" என்று கிளம்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் .50 காலிபர் ரைஃபிளைத் தடை செய்யப் போனாலும் இதே குரல்தான். ஒரு மானைச் சுட எதற்கு அத்தனை பெரிய துப்பாக்கி? உயிரைக் கொல்வதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களிடம் நாம் ஏன் பரிவு காட்ட வேண்டும்? பெரிய காலிபர் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தடை செய்தால் என்ன?
— ஒரு வாசகர், ஸ்கார்பரோ

பதில்: உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி, ஆள் மாறி அடிக்கிறது. மான் வேட்டைக்குப் போகிறவர் தோளில் அந்தத் துப்பாக்கி தொங்குகிறது என்று உங்களுக்கு யார் சொன்னது?

காலிபர் என்பது குழலின் விட்டம்; .50 என்றால் அரை அங்குலம். இரண்டு தோட்டாக்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று .30-06. வட அமெரிக்காவில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மானுக்கும் மூஸ் எனும் பெரிய வட அமெரிக்க மானுக்கும் எடுத்துச் செல்லும் தோட்டா. நீளம் எட்டரை சென்டிமீட்டர். உள்ளங்கையில் குறுக்கே கிடத்தினால் அடங்கிவிடும். மற்றது .50 பி.எம்.ஜி. அதன் அடியை மணிக்கட்டில் வைத்தால் முனை நடுவிரலின் பாதியை எட்டும். ஒரு தோட்டாவே நூறு கிராமுக்கு மேல் கனக்கும். முன்னதன் குண்டு குழலை விட்டுப் புறப்படும்போது சுமார் 4,000 ஜூல் ஆற்றலோடு போகிறது. பின்னதன் குண்டு 15,000 ஜூலுக்கும் மேல்.

பி.எம்.ஜி. என்பது பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கியின் சுருக்கம். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், விமானத்தையும் கவச வண்டியையும் துளைக்க வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் கேட்க, ஜான் பிரௌனிங் வடிவமைத்தது. முக்காலியில் ஏற்றிச் சுட்ட அந்தத் தோட்டாவை ஓர் ஆள் தனியாகச் சுடும் ரைஃபிளுக்குள் கொண்டுவந்தவர் டென்னசி மாநிலத்தின் ரோனி பாரெட், 1982இல். அவர் பெயரையே தாங்கிய அந்த ரைஃபிளின் எடை ஏறத்தாழ 14 கிலோ. மூஸ் வேட்டைக்குப் போகிறவர் முழங்கால் அளவு சேற்றில் நாள் முழுக்க நடக்கிறார். அவர் கையிலிருப்பது மூன்றரை கிலோ. விலங்கு விழுந்தால் இறைச்சியையும் அவர்தான் சுமக்க வேண்டும். அரை மூட்டை அரிசி எடையுள்ள ஒன்றை அவர் எதற்காகக் காட்டுக்குள் தூக்கிப் போகப் போகிறார்?

ஆகவே "மானைச் சுட எதற்கு?" என்ற உங்கள் கேள்வியை வேட்டைக்காரரிடம் கேட்காதீர்கள். வேட்டை என்ற பெயரின் நிழலில் அதை விற்கிறவர்களிடம் கேளுங்கள். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், அரை அங்குலத்துக்கு மேல் குழல் விட்டம் உள்ளதைப் அழிவுச் சாதனங்களின் வரிசையில் வைத்தது. விளையாட்டுக்கும் வேட்டைக்கும் உரிய, சிறு குண்டுகளைச் சிதறவிடும் ஷாட்கன்களுக்கு விலக்கு உண்டு. .50 பி.எம்.ஜி. அந்த அரை அங்குலக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, தாண்டவில்லை. அதனால் நடுவண் சட்டத்தின் பார்வையில் அதுவும் மான் ரைஃபிளும் ஒன்று. 18 வயது நிரம்பியவருக்கு இரண்டையும் கடைக்காரர் விற்கலாம். எனக்கு நெஞ்சு கொதிப்பது இந்த இடத்தில்தான்.

கலிபோர்னியா 2004இல் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் ஆளுநராக இருந்தபோது .50 பி.எம்.ஜி. ரைஃபிளைத் தடை செய்தது; 2005இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தை எழுதியவர்கள் கவனமாகத்தான் எழுதினார்கள். எந்தத் தோட்டா என்று அளவு கொடுத்தே வரையறுத்தார்கள். என்ன நடந்தது? அதே .50 தோட்டாவின் கூட்டைச் சற்றுக் குறைத்து, கழுத்தை ஒடுக்கி, .416 பாரெட் என்று ஒன்று வந்தது. ஆற்றல் ஓரளவு குறைந்தது, அவ்வளவுதான். கலிபோர்னியாவில் அது சட்டப்படி செல்லும்.

இந்தத் தந்திரத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அரசு .450 தோட்டாக்களை இந்தியாவுக்கும் சூடானுக்கும் கொண்டுவரத் தடை விதித்தது. பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவ ரைஃபிள்கள் உள்ளூர்க்காரர் கைகளில் இருந்தன, அவற்றின் குழலும் .450. வெளியே இருந்து குண்டு கிடைத்தால் கிளர்ச்சிக்குப் பயன்படும் என்ற அச்சம். புலியும் யானையும் சுட வந்த துரைமார் சும்மா இருப்பார்களா? லண்டன், பர்மிங்காம் துப்பாக்கிப் பட்டறைகள் .465, .470, .475, .476 என்று வரிசையாக இறக்கின. வேட்டை நிற்கவில்லை; எண் மட்டும் மாறியது.

காலிபர் என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு சட்டம் எழுதினால் இரண்டு பக்கமும் தவறும். தப்ப வேண்டியவர் மாட்டிக்கொள்வார், மாட்ட வேண்டியவர் தப்பிவிடுவார். நீங்கள் சொல்கிறபடி "பெரிய காலிபர் எல்லாவற்றையும்" தடை செய்தால் முதலில் சிக்குவது எது தெரியுமா? வாத்து சுடும் சாதாரண '12 கேஜ்' அளவு ஷாட்கன். அதன் குழல் விட்டம் 18.5 மில்லிமீட்டர், பாரெட்டின் குழலோ 12.7தான். அடுத்து, குழல்முனை வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கி. அமெரிக்காவில் மான் வேட்டைக்கு அந்த வகையில் மிகப் பரவலாக இருப்பது .50 காலிபர். எண் ஒன்றுதான், ஆற்றலோ பாரெட்டில் நாலில் ஒரு பங்குகூட இல்லை.

அளக்க வேண்டியது ஆற்றலை. இதை வேட்டைச் சட்டங்கள் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டன. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம், மானைச் சுடும் ரைஃபிளுக்கு .240 காலிபருக்கும் 1,700 அடி-பவுண்டுக்கும், அதாவது சுமார் 2,300 ஜூலுக்கும், குறையக் கூடாது என்கிறது. வலுவில்லாத குண்டு பட்டு, விலங்கு புதருக்குள் நாள்கணக்கில் துடிக்கக் கூடாது என்பதற்காக. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் யானை, காட்டெருமை போன்றவற்றுக்கு .375க்குக் குறைந்ததை எடுத்துப் போக முடியாது. காயம்பட்ட எருமை திரும்பி வந்தால் முதலில் சாவது தடம் காட்டப் போன உள்ளூர் ஆள். இந்தக் கீழெல்லையை எந்த நல்ல வேட்டைக்காரரும் எதிர்ப்பதில்லை, பெருமையாகவே சொல்வார். கீழே ஒரு கோடு போட்டால் ஒழுக்கம், மேலே ஒரு கோடு போட்டால் உரிமைப் பறிப்பு என்ற வாதம் எனக்குப் பிடிபடவில்லை.

அதே பிரிட்டனில்தான் 2018இல் 13,600 ஜூலுக்கு மேற்பட்ட ரைஃபிள்களைத் தடை செய்யும் பிரிவு மசோதாவில் இருந்தது. ஆளுங்கட்சி உறுப்பினர்களே எதிர்க்க, அரசு அதைக் கைவிட்டது. இந்த ரைஃபிளால் குற்றங்கள் அரிது என்பது அவர்கள் வாதம். அரிது என்பது உண்மை. ஆனால் 1990களில் வட அயர்லாந்தின் தென் ஆர்மாவில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. கையில் இதே பாரெட் இருந்தது; தொலைவிலிருந்து வந்த ஒற்றைக் குண்டுக்குப் படைவீரர்கள் பலியானார்கள். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து எஞ்சினைத் துளைக்கக்கூடிய ஒன்றைப் பத்துக் குற்றம் நடக்கட்டும் என்று காத்திருந்தா கட்டுப்படுத்துவது?

உங்கள் நாட்டுக்கு வருகிறேன். நோவா ஸ்கோஷியாவில் 22 பேர் கொல்லப்பட்ட மறுமாதம், 2020 மே முதல் தேதி, கனடா அரசு 10,000 ஜூல் என்று மேல்கோடு போட்டது. சரியான இடத்தில் விழுந்த கோடு. யானை வேட்டைக்கென்றே பிறந்த .458 வின்செஸ்டர்கூட 7,000 ஜூலைச் சுற்றித்தான் நிற்கிறது. .460 வெதர்பி போன்ற ஒன்றிரண்டுதான் அந்தக் கோட்டில் இடிக்கும். மூஸ், கரடி, காரிபு (பனிமான்) வேட்டைக்காரர் எவருடைய ரைஃபிளும் அதன் பக்கத்தில்கூட வராது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அதே ஆணையில் 20 மில்லிமீட்டர் குழல் விட்டம் என்று இன்னொரு கோடும் இருந்தது. எங்கே அளப்பது என்று தெளிவில்லாமல் ஷாட்கன் வைத்திருந்த குடியானவர்கள் பதறிப்போனார்கள். அமைச்சர் வந்து விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. 2022 நவம்பரில் சி-21 என்ற துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதாவுக்குத் திருத்தம் என்று, தடை செய்ய வேண்டிய துப்பாக்கிகளின் நீண்ட பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முதற்குடி மக்கள் பலர் உணவு வேட்டைக்கு வைத்திருக்கும் எஸ்.கே.எஸ். ரைஃபிளும் அதில் இருந்தது. அது பெரிய காலிபரே இல்லை, ஆற்றலில் .30-06இல் பாதிதான். தானாகத் தோட்டா ஏறும் ரைஃபிள் என்பது வேறு கேள்வி. அதைத் தனியாகப் பேச வேண்டும். இரண்டையும் ஒரே சாக்கில் கட்டினார்கள். முதற்குடி மக்கள் பேரவை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2023 பிப்ரவரியில் அரசு திருத்தத்தைத் திரும்பப் பெற்றது. "வேட்டைக்காரர் வயிற்றில் அடிக்காதே" என்ற குரலுக்கு உயிர் கொடுத்தது இந்தக் கவனக்குறைவுதான்.

பரிவு ஏன் என்று கேட்டீர்கள். உயிர்க்கொலையே கூடாது என்பது உங்கள் நெறியானால் அதை மதிக்கிறேன். கொம்புக்காகவும் சுவரில் மாட்டும் தலைக்காகவும் சுடுகிறவரிடம் எனக்கும் பரிவு இல்லை. ஆனால் கனடாவின் வடகோடியில் உள்ள நுனாவுட்டில் காரிபு சுடும் இனுவிட் பழங்குடிக் குடும்பத்துக்கு அது குளிர்காலச் சாப்பாடு. அங்கே காய்கறியும் பாலும் விமானத்தில் வந்து இறங்குகின்றன. விலையை டொராண்டோவில் இருப்பவர் கேட்டால் தலை சுற்றும். அந்தக் குடும்பத்தின் ரைஃபிளையும் பாரெட்டையும் ஒரே சொல்லால் குறிக்காதீர்கள் என்பதுதான் நான் உங்களிடம் கேட்பது.

உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுவதாக இருந்தால், 10,000 ஜூல் கோட்டை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று எழுதுங்கள். அடுத்த பட்டியல் வரும்போது ஒவ்வொரு துப்பாக்கியின் பெயருக்கு எதிரிலும் அது ஏன் அதில் இருக்கிறது, ஆற்றலுக்காகவா, தானாகத் தோட்டா ஏறும் அமைப்புக்காகவா என்று ஒரு வரி அச்சிடச் சொல்லுங்கள். பட்டியலை அச்சுக்கு அனுப்பும் முன் நுனாவுட்டுக்கும் ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள்.