புறநகரில் இயங்கிய ஒரு சின்ன வானொலி நிலையம் அமெரிக்கக் கிராமப்புறப் பாட்டான கன்ட்ரி இசையின் வரலாற்றில் எப்படி இடம்பிடித்தது?

இந்தக் கேள்விக்கு ஆர்லிங்டனின் டபிள்யூஏஆர்எல் நிலையத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆர்லிங்டன் இருப்பது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில். போட்டோமக் ஆற்றைத் தாண்டினால் தலைநகர் வாஷிங்டன்.

அங்கே யார் கேட்டார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1940 கணக்கெடுப்பில் ஆர்லிங்டன் மக்கள்தொகை 57,040. 1950இல் 1,35,449. பத்தே ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல்! போர்க்கால அரசு வேலைகள், 1943இல் கட்டி முடிந்த ராணுவத் தலைமையகம் பென்டகன், சுற்றிலும் இருந்த ராணுவ முகாம்கள் என்று வேலை தேடி வந்து குடியேறியவர்கள் பலர். அவர்களில் நிறையப் பேர் தெற்கு மாநிலக் கிராமங்களையும் அப்பலாச்சிய மலைப்பகுதிகளையும் விட்டு வந்தவர்கள். பிடிலும் ஸ்டீல் கிட்டாரும் கேட்டு வளர்ந்த காதுகள்.

அதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் கானி பி. கே என்ற அறிவிப்பாளர். வட கரோலினாவில் பிறந்தவர், விவசாயத் துறையில் அரசுப் பணி பார்த்தவர். 1946 நவம்பரில் இந்த நிலையத்தில் ‘டவுன் அண்ட் கன்ட்ரி டைம்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார். அவர் பேசி முடித்த ஏற்பாடுதான் இந்த வரலாற்றின் மையம் என்பேன்: சம்பளம் வேண்டாம், விளம்பர வருமானத்தில் பங்கு கொடுத்தால் போதும். கையில் காசில்லாத சின்ன நிலையத்துக்கு இதில் நஷ்டமே இல்லை. நிகழ்ச்சி ஓடாவிட்டால் கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை. ஓடினாலோ, விளம்பரம் பிடித்து வருவதில் அறிவிப்பாளருக்கே முழு அக்கறை இருக்கும்.

பெயரைத் தேர்ந்தெடுத்ததிலும் கணக்கு இருந்தது. அந்த இசையை அப்போது ‘ஹில்பில்லி’ என்றார்கள். நம் ஊரில் ‘பட்டிக்காட்டான்’ என்பதுபோல் குத்தும் சொல் அது. ஊரை விட்டு வந்து அலுவலகத்தில் வேலை பார்ப்பவரை அந்தப் பெயரால் கூப்பிட்டால் ரேடியோவை மூடிவிடுவார். ‘டவுன் அண்ட் கன்ட்ரி’ என்றால் பிறந்த ஊரும் வந்த ஊரும் இரண்டும் அதில் இருக்கின்றன. பில்போர்டு என்ற இசைப் பத்திரிகையே 1949இல்தான் இந்தப் பாடல்களின் பட்டியலுக்கு ‘கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்’ என்று பெயர் மாற்றியது. கானி கே 1947இலேயே வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் ஹாலில், சிம்பொனி கேட்க வருவோரின் அரங்கில், கன்ட்ரி கச்சேரி நடத்திவிட்டார்.

தொழில்நுட்பம்தான் இடித்தது. நிலையத்தின் அலைவரிசை 780 கிலோஹெர்ட்ஸ். அதே அலைவரிசையில் சிகாகோவில் டபிள்யூபிபிஎம் என்ற சக்திமிக்க நிலையம் இருந்தது. பகலில் வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டம் பெற்றிருக்கும் ‘டி’ அடுக்கு மீடியம் வேவ் அலைகளை உறிஞ்சிவிடுவதால் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடும். மேலே போகும் அலைகள் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இறங்கும். ராத்திரியில் பழைய ரேடியோவின் குமிழைத் திருப்பியவர்களுக்கு, எங்கோ இருக்கும் நிலையங்கள் திடீரென்று கேட்பது தெரியும். இரவில் சிகாகோ நிலையத்தோடு மோதும் என்பதால் டபிள்யூஏஆர்எல்லுக்குப் பகல்நேர உரிமம் மட்டுமே. வாஷிங்டன் பகுதியில் டிசம்பரில் மாலை 4:45 வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். வேலை முடிந்து நேயர் வீடு திரும்பும் நேரத்தில் நிலையம் மௌனம். விளம்பரத்துக்கு நல்ல விலை கிடைக்கும் மாலைப் பொழுது, ஆண்டின் பாதி நாட்கள் கைக்கு எட்டாது. கோபுரத்தை உயர்த்தினாலோ மின்சக்தியைக் கூட்டினாலோ இது தீராது.

அந்தப் பங்கு ஏற்பாட்டுக்கு இன்னொரு விளைவும் உண்டு. நேயர்களும் விளம்பரதாரர்களும் நிலையத்தைவிட நிகழ்ச்சியையும் அதை நடத்தியவரையுமே பின்தொடர்ந்தார்கள். கானி கேக்கு மாலை நேரம் தொலைக்காட்சியில் கிடைத்தது. 1955இல் அதே பெயரில் டபிள்யூஎம்ஏஎல் தொலைக்காட்சியில் பாடகர் ஜிம்மி டீன் நிகழ்ச்சி நடத்த, அருகிலுள்ள வின்செஸ்டரைச் சேர்ந்த பாட்ஸி கிளைன் வந்து பாடினார். 1958இல் தொடங்கிய கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனுக்கு முதல் தலைவர் கானி கேதான். 1980இல் அவர் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். நிலையமோ 1960களில் ‘வாவா’ என்ற புதுப் பெயரோடு செய்தி மட்டுமே தரும் நிலையமாக மாறிவிட்டது.