பழைய டீசல் ஸ்விஃப்ட் வாங்கலாமா?

கேள்வி: 2014 ஸ்விஃப்ட் டீசல், 95,000 கி.மீ. ஓடியது, விலைக்கு வருகிறது. வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு தினமும் அலுவலகம் போகவர வாங்கலாமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: அந்த தூரத்துக்கு டீசல் எதற்கு? குறைந்த தூரத்தில் இன்ஜின் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுவீர்கள். புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வில் கரி படியும். பெட்ரோலே போதும். மாதம் ஒருமுறையாவது திருச்சி, மதுரை என்று ஓட்டுபவரானால் மட்டும் யோசியுங்கள்.

வண்டியை நேரில் பார்க்கப் போவதானால், இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது சில விநாடிக்கு மேல் கடகடவென்று சத்தம் வந்தால் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். இந்த 1,248 சிசி இன்ஜினில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் இயங்கும். ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டியில் செயின் பல் தாண்டி, வால்வு பிஸ்டனில் இடிக்கும். அப்புறம் செலவு லட்சத்தை நெருங்கும். ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வந்தால் பிஸ்டன் ரிங் தேய்மானம், அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

சென்னை வண்டி என்பதால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். நுனியில் சேற்றுக்கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற கார். ஆர்சியில் கடன் பதிவு இருந்தால், வங்கியின் என்ஓசியும் (ஆட்சேபணையின்மைச் சான்று), கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.