கல்ச்சர் ரிப்போர்ட்டில் பெரிய எண் இருந்தால் நல்ல மருந்தா?

கேள்வி: என் தாயாருக்குச் சிறுநீர்ப்பையில் நோய்த்தொற்று. கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஈ.கோலை என்றும், சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 24 மி.மீ., நைட்ரோஃப்யூரன்டாயினுக்கு 20 மி.மீ. என்றும் இருக்கிறது. பெரிய எண் உள்ளதை விட்டுவிட்டு இரண்டாவது மருந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இது சரிதானா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சரிதான். ஒரு மருந்தின் மில்லிமீட்டரை இன்னொரு மருந்தின் மில்லிமீட்டரோடு ஒப்பிடவே கூடாது. படித்தவர்கள்கூட இதில் தவறுவதைப் பார்க்கிறேன்.

குடலில் நம்மோடு வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா சிறுநீர்ப் பாதைக்குள் நுழைந்துவிட்டால் நோய் உண்டாக்கும். லேபில் அதை முதலில் வளர்த்துப் பிரித்தெடுக்கிறார்கள். பிறகு மில்லிலிட்டருக்குச் சுமார் 15 கோடி பாக்டீரியாக்கள் இருக்கும்படி உப்புநீரில் கலக்கி, 4 மி.மீ. கனத்தில் முல்லர்-ஹின்டன் அகார் (பாக்டீரியா வளர்க்கும் ஒருவகைக் கூழ்) ஊற்றிய தட்டு முழுவதும் பஞ்சுக் குச்சியால் தடவி, மருந்து ஊறிய 6 மி.மீ. காகித வில்லைகளை அதன்மேல் பதிக்கிறார்கள். 35 டிகிரி வெப்பத்தில் 16 முதல் 18 மணி நேரம் வைத்திருந்து எடுத்தால், மங்கலான பாக்டீரியாப் படலத்தின் நடுவே, மருந்து வேலை செய்த இடங்களில் மட்டும் கண்ணாடி போலத் தெளிந்த வட்டங்கள் தெரியும். அந்த வட்டத்தின் விட்டமே உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள எண். 1966இல் பவர், கிர்பி முதலிய ஆய்வாளர்கள் ஒழுங்குபடுத்தி வெளியிட்ட முறை இது. அகார் சற்று மெலிந்தாலே வட்டம் பொய்யாகப் பெரிதாகிவிடும் என்பதால், கனத்தில் அத்தனை கண்டிப்பு.

சிப்ரோஃப்ளாக்சசின் வில்லையில் 5 மைக்ரோகிராம் மருந்துதான் உண்டு. நைட்ரோஃப்யூரன்டாயின் வில்லையில் 300. அகாரில் அவை பரவும் வேகமும் உடலில் சென்று சேரும் அளவும் வேறு வேறு. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு. ஆய்வகப் பரிசோதனைகளுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. அமைப்பின் அளவுகோலின்படி ஈ.கோலைக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் பலன் தரும் என்று சொல்ல 26 மி.மீ. வேண்டும், 22 முதல் 25 வரை இடைநிலை, 21 அல்லது அதற்குக் கீழ் என்றால் எதிர்ப்பு, அதாவது கிருமி அந்த மருந்துக்கு அடங்காது. நைட்ரோஃப்யூரன்டாயினுக்கோ 17 மி.மீ. போதும். தாயாரின் 24 இடைநிலையில் நிற்கிறது. 20 தெளிவாகத் தேறிவிட்டது.

நைட்ரோஃப்யூரன்டாயின் சிறுநீரில்தான் செறிவாகச் சேரும். சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது. எனவே குளிர்காய்ச்சலோ விலாவுக்குக் கீழே முதுகுவலியோ தோன்றினால், மாத்திரைகள் முடியட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.